வயிற்றுப் புண்ணும் நோன்பும்

நோன்பு மாதம் நெருங்கிவிட்டால் நம்மிடம் கேட்கப்படும் மஸ்அலாக்களில் பெரும்பாலானவை வயிற்றைப் பற்றியவையாகவே இருக்கின்றன. புளித்த நீர் தொண்டைக்கு வந்தால் நோன்பு முறியுமா? வாந்தி வந்தால் களாச் செய்ய வேண்டுமா? இப்படியெல்லாம் கேட்பார்கள். ஆனால், "வயிறு எரிகிறதே, இந்த நோயோடு நோன்பு பிடிக்கலாமா?" என்ற முக்கியமான கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. கேட்க வெட்கப்படுகிறார்கள்.

இராஜாக்கமங்கலத்தில் தேங்காய் வியாபாரம் செய்துவந்த பெரியவர் ஒருவர், ஒரு ரமளானில் தராவீஹ் தொழுகையின்போது ஸஃப்பிலேயே தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். முகம் வெளிறி, கை சில்லிட்டிருந்தது.

"மாமா, என்ன செய்யுது? எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டோம்.

"மூணு நாளா மலம் கறுப்பாப் போவுது ஆலிம்சா. முட்டு வலிக்கு மாத்திரை தின்னதுதான். நோம்ப விட்டா ஊருல நாலு பேரு என்ன நினைப்பான்?" என்றார்.

அன்றிரவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சிறுகுடலின் தொடக்கத்தில் புண் ஏற்பட்டு இரத்தம் கசிகிறது என்றார் டாக்டர். இரத்தம் ஏற்றினார்கள். அல்ஹம்துலில்லாஹ், பிழைத்துக்கொண்டார். ஆனால் நம் மனம் சமாதானமடையவில்லை. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமைதான் நோன்பை விடுவதன் பாவத்தைப் பற்றி நாம் அரை மணி நேரம் பயான் செய்திருந்தோம். நோயாளிக்கு உள்ள சலுகையைப் பற்றி ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இதை எழுதுகிறோம்.

உண்ட உணவு என்ன ஆகிறது?

உணவு ஜீரணமாவது வாயிலேயே தொடங்கிவிடுகிறது. ஒரு பிடி சோற்றை நன்றாக மென்றுகொண்டே இருங்கள். சற்று நேரத்தில் இனிப்புத் தட்டும். உமிழ்நீர் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுவதுதான் காரணம். விழுங்கிய உணவு சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள உணவுக்குழாய் வழியாக இரைப்பைக்குச் செல்கிறது. அங்கே சுரக்கும் அமிலம் கிருமிகளைக் கொன்று, மீன், இறைச்சி போன்றவற்றின் புரதத்தைக் கரைக்க உதவுகிறது. இறைச்சியைக் கரைக்கும் இந்த அமிலம், அதே சதையாலான இரைப்பையை ஏன் கரைத்துவிடுவதில்லை? வழவழப்பான ஒரு சளிப்படலத்தை அதன் உட்புறத்தில் போர்வையாக விரித்து வைத்திருக்கிறான் அல்லாஹு தஆலா. அந்தப் போர்வை கிழியும் இடத்தில்தான் புண் உண்டாகிறது.

இரைப்பையை அடுத்து வருவது சிறுகுடல். சுமார் 6 மீட்டர் நீளமுள்ளது. அதன் முதல் பகுதி பன்னிரண்டு விரல் அகல நீளம் இருப்பதால், அரபு வைத்திய நூல்களில் அதற்கு 'இஸ்னா அஷரீ' (பன்னிரண்டுக்குரியது) என்று பெயர். முதலில் கிரேக்கர்கள் இட்ட பெயர் இது. இப்னு ஸீனாவின் 'அல்கானூன்' லத்தீனில் பெயர்க்கப்பட்டபோது அதே பொருளில் லத்தீனுக்கும் சென்றது. டாக்டர்கள் இன்று 'டியோடினம்' என்பது அதைத்தான். கல்லீரலில் சுரக்கும் பித்தநீரும் கணையநீரும் இங்கே வந்து கலக்கின்றன. பித்தநீர் கொழுப்பைச் சிறு துளிகளாகப் பிரிக்கிறது. கணையநீர் அமிலத்தின் வேகத்தைத் தணித்து ஜீரணத்தை முடித்துவைக்கிறது. பிறகு சிறுகுடலின் உட்புறச் சுவரிலுள்ள நுண்ணிய விரல் போன்ற முடிச்சுகள் சத்தை உறிஞ்சி இரத்தத்தில் சேர்க்கின்றன. மிஞ்சியதிலிருந்து பெருங்குடல் நீரை உறிஞ்சிக்கொள்ள, கழிவு வெளியேறுகிறது.

நெய்யூரில் நடந்த சிகிச்சை

வயிற்றுப் புண் நம் பகுதிக்குப் புதியதல்ல. நம் மாவட்டம் தெற்குத் திருவிதாங்கூராக இருந்த காலத்தில், நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு இந்த நோயோடு ஏராளமானோர் வந்தார்கள். அங்கே அறுவை சிகிச்சை செய்தவர் டாக்டர் ஹோவர்டு சோமர்வெல். 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் சிகரத்தில் ஏறச் சென்ற குழுக்களில் இடம்பெற்றவர் இவர். 1922-ல் மலையிலிருந்து இறங்கிய பின் நெய்யூருக்கு வந்தார். காத்துக் கிடந்த நோயாளிகளின் கூட்டத்தையும், டாக்டர்கள் போதாமல் இருந்ததையும் கண்டு, தம் வாழ்வை இங்கேயே கழிப்பதென்று முடிவு செய்தார். புண் ஆறி ஆறித் தழும்பேறி, உணவு இறங்கும் வழியே அடைபட்டவர்களுக்கு இரைப்பையைச் சிறுகுடலோடு வேறிடத்தில் இணைத்து வழி செய்வது அக்காலத்து அறுவை சிகிச்சை. இரைப்பை, டியோடினம் அறுவை சிகிச்சை பற்றி 1948-ல் அவர் ஒரு நூலே வெளியிட்டார். பின்னர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் பணியாற்றினார்.

காரமும் மரச்சீனியும் கவலையும்தான் புண்ணுக்குக் காரணம் என்று அன்று பலரும் எண்ணினார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தைச் சேர்ந்த ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இரு டாக்டர்கள் 1982-ல் அந்த எண்ணத்தை மாற்றினார்கள். 'ஹெலிகோபாக்டர் பைலோரி' என்ற கிருமி, அமிலத்துக்குத் தப்பிச் சளிப்படலத்தின் அடியில் வாழ்வதை அவர்கள் கண்டுபிடித்தார்கள். பிறர் நம்பாததால் 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தாமே குடித்து, தம் இரைப்பை அழற்சி அடைந்ததைச் சோதனையில் காட்டினார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இதனால் நமக்கு என்ன பயன்? முன்பு கத்தி வைக்க வேண்டியிருந்த நோய்களில் பெரும்பாலானவை இன்று மாத்திரையால் குணமாகின்றன. கிருமி இருப்பது சோதனையில் தெரிந்தால், கிருமிக்கொல்லி மருந்தும் அமிலத்தைக் குறைக்கும் மருந்தும் சேர்த்துப் பெரும்பாலும் 14 நாட்கள் தருவார்கள். நாலாம் நாள் வலி நின்றதென்று மருந்தை நிறுத்தக் கூடாது. இந்தக் கிருமி பெரும்பாலும் சிறு வயதிலேயே வீட்டில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிறது. ஆகவே, கை கழுவி உண்பதும் சுத்தமான நீரைக் குடிப்பதும் பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே பழக்க வேண்டியவை.

புண்ணுக்கு மற்றொரு பெருங்காரணம் வலி மாத்திரை. ஆஸ்பிரின், புரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவை வலியை அடக்கும்போதே இரைப்பையின் காவலையும் தளர்த்திவிடுகின்றன. நம் பெரியவருக்கு நேர்ந்தது இதுவே. கடையில் கேட்டு வாங்கி, ஸஹரில் வெறும் தேயிலையோடு விழுங்கி வந்திருக்கிறார். ஆனால் இதய நோய்க்காக டாக்டர் எழுதிக் கொடுத்த ஆஸ்பிரினைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. அவரிடமே கேட்க வேண்டும். பீடி, சிகரெட் புண்ணை ஆறவிடாது.

அடையாளங்கள்

பசித்த நேரத்திலும் நள்ளிரவிலும் மேல் வயிற்றில் எரிச்சல் தோன்றி, ஏதாவது சாப்பிட்டதும் தணிந்தால் அது டியோடினப் புண்ணாக இருக்கலாம். தார் போன்ற கறுப்பு மலம், இரத்த வாந்தி அல்லது காப்பிப்பொடி நிற வாந்தி, திடீரென்று தாங்க முடியாத வலியோடு வயிறு பலகைபோல் இறுகுதல் ஆகிய மூன்றில் எது கண்டாலும் ஒரு மணி நேரங்கூடத் தாமதிக்கலாகாது. இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும் என்பது உண்மையே. ஆயினும் அதை டாக்டர் சொல்லட்டும்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

நோயாளி நோன்பை விட்டு, வேறு நாட்களில் அதை நோற்கலாம் என்பது அல்பகரா அத்தியாயத்தில் நோன்பைக் கடமையாக்கிய வசனங்களோடு சேர்த்தே அருளப்பட்ட சலுகை. நோன்பினால் நோய் கூடும், அல்லது குணமாவது தாமதப்படும் என்று நம்பிக்கையான டாக்டர் சொன்னாலோ, தன் அனுபவத்தால் தெரிந்தாலோ அவர் விடலாம். குணமான பின் களாச் செய்வார். குணமாகும் நம்பிக்கையே இல்லாத நோயாளி ஃபித்யா கொடுப்பார். உயிருக்கு ஆபத்து என்றிருக்கும்போது விடுவது சலுகை மட்டுமல்ல, கடமையுமாகும். இரத்தம் கசியும் வயிற்றோடு நோன்பிருப்பது பேணுதல் ஆகாது. அதே சமயம், புண் ஆறியவரும் சாதாரண எரிச்சல் உள்ளவரும் இதைச் சாக்காக்கி நோன்பை விடலாகாது. பலருக்கு மருந்தை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றிக்கொள்ள முடியும். ஷஅபான் மாதத்திலேயே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நோன்பு திறக்கும்போது பேரீத்தம்பழமும் தண்ணீரும் எடுத்து, மஃரிப் தொழுத பின் அளவோடு உண்ணுங்கள். வயிற்றில் மூன்றிலொரு பங்கு உணவுக்கும், ஒரு பங்கு நீருக்கும், ஒரு பங்கு மூச்சுக்கும் விட வேண்டுமென்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனையை நாம் அறியாதவர்களல்லவே! ஸஹர் உண்டவுடன் படுத்துவிட்டால் அமிலம் மேலேறி நெஞ்செரிச்சல் வரும். ஃபஜ்ரு ஜமாஅத்துக்குச் செல்பவருக்கு அந்தத் தொல்லை குறைவு.

இறுதியாக வீட்டிலுள்ள தாய்மார்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெரியவர் நோன்பு நாளில் சோர்ந்து வெளிறிக் காணப்பட்டால், பக்கத்தில் அமர்ந்து தனிமையில் விசாரியுங்கள். ஊரார் என்ன நினைப்பார்கள் என்று அவர் அஞ்சினால், அல்லாஹ் தந்த சலுகையில் வெட்கப்பட எதுவுமில்லை என்று சொல்லுங்கள். நாம் மிம்பரில் சொல்லத் தவறியதை நீங்கள் வீட்டில் சொல்லுங்கள். நம் அனைவருக்கும் அல்லாஹு தஆலா சுகத்தையும், அமானிதமான இவ்வுடலைப் பேணும் அறிவையும் தந்தருள்வானாக! ஆமீன்.