நம்பிக்கைகளும் உண்மைகளும்: சர்வர் மாறினால் தமிழ் ஏன் சிதைகிறது?

தீபாவளி நெருங்கும்போதுதான் கிள்ளான் பள்ளத்தாக்கில் பலருக்குத் தங்கள் வெப்சைட் ஞாபகம் வரும். பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் சேலைக்கடை வைத்திருப்பவர், கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் பலகாரம் விற்பவர், தைப்பூச உபயப் பட்டியலை இப்போதே இணையத்தில் ஏற்றிவிட நினைக்கும் கோயில் செயலாளர் என்று எல்லாரும் அந்த நேரத்தில்தான் ஹோஸ்டிங்கை மாற்றுகிறார்கள், புதிய பிளகின் போடுகிறார்கள், பழையதைப் புதுப்பிக்கிறார்கள். திடீரென்று சைட் வெறும் வெள்ளைத் திரையாகிவிடும். அல்லது பத்து வருடமாகச் சேர்த்துவைத்த தமிழ்க் கட்டுரைகள் ஒரே இரவில் புரியாத குறிகளாகிவிடும். பழி ஹோஸ்டிங் கம்பெனிமேல் விழும், இல்லாவிட்டால் வேலை செய்த தம்பிமேல். பெரும்பாலும் கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. அந்த பிளகின் சர்வரில் ஓடும் பிஎச்பி மொழியின் எந்தப் பதிப்பை எதிர்பார்க்கிறது, எந்த டேட்டாபேஸை எதிர்பார்க்கிறது என்பதை யாரும் முன்கூட்டியே பார்க்கவில்லை. அதற்குக் காரணம் சில நம்பிக்கைகள். வாட்ஸ்அப் குழுக்களிலும் கோயில் கூட்டங்களிலும் நான் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை.

“பேக்கப் இருக்கிறது. அப்படியே தூக்கிப் புதிய சர்வரில் வைத்தால் ஓடும்.”

பேக்கப்பில் இருப்பது ஃபைல்களும் டேட்டாபேஸும் மட்டும். அவற்றை ஓட்டும் பிஎச்பி பேக்கப்பில் வராது, அது சர்வருக்குச் சொந்தம். அந்த பிஎச்பி காலத்துக்குக் காலம் சில கட்டளைகளைக் கைவிட்டுக்கொண்டே வந்திருக்கிறது. 2015 டிசம்பரில் வந்த 7.0 பதிப்பு, மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸோடு பேசுவதற்கு அதுவரை எல்லாரும் பயன்படுத்திய பழைய கட்டளைத் தொகுதியை முழுதாக எடுத்துவிட்டது. 2020 நவம்பரில் வந்த 8.0 இன்னும் பலவற்றை எடுத்தது. 2010 வாக்கில் யாரோ எழுதித் தந்த அர்ச்சனைப் பதிவுப் படிவம் பழைய சர்வரில் ஓடியது; புதியதில் முதல் வரியிலேயே நின்றுவிடுகிறது. பிழைச் செய்தியைப் பார்வையாளருக்குக் காட்டாமல் சர்வர் மறைத்துக்கொள்வதால் நமக்குத் தெரிவது வெள்ளைத் திரை.

வெள்ளைத் திரையைப் பார்த்ததும் சைட் அழிந்துவிட்டது என்று நினைத்து, எல்லாவற்றையும் நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் சிபேனலில் எர்ரர் லாக் என்று ஒன்று உண்டு. அதன் கடைசி வரியில் எந்த ஃபைல், எத்தனையாவது வரி என்று எழுதியிருக்கும். ஃபைலின் பாதையில் பிளகின் ஃபோல்டரின் பெயர் தெரியும். அந்த ஒரு ஃபோல்டரின் பெயரை மாற்றிவைத்தால் சைட்டின் மற்ற பகுதி பெரும்பாலும் எழுந்து நின்றுவிடும். மிச்சத்தை நிதானமாகப் பார்க்கலாம். சைட்டை வேர்ட்பிரஸில் கட்டியிருந்தால், அதன் 5.2 பதிப்பிலிருந்து, அதாவது 2019 மே மாதத்திலிருந்து, இப்படி நின்றுபோனால் நிர்வாகியின் மின்னஞ்சலுக்கு மீட்பு இணைப்பு ஒன்று தானாகவே போகும். அந்த மின்னஞ்சல் முகவரி எப்போதோ விலகிப்போன பழைய செயலாளருடையதாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

டொமைன் பெயரும் சேர்ந்து மாறுகிறது என்றால் இன்னொன்று. டேட்டாபேஸ் ஃபைலை நோட்பேடில் திறந்து பழைய பெயரை எடுத்துப் புதியதைப் போடுவார்கள். வேர்ட்பிரஸும் அதன் பிளகின்களும் பல அமைப்புகளைச் சேமிக்கும்போது, ஒவ்வொரு சொற்றொடரின் நீளத்தையும் பைட் கணக்கில் பக்கத்திலேயே எழுதிவைக்கின்றன. பெயரின் நீளம் மாறி, எழுதிவைத்த எண் மாறாவிட்டால் அந்த அமைப்பு முழுதையும் பிஎச்பி படிக்க மறுத்துவிடும். முகப்புப் பக்கத்தின் கட்டங்கள் காணாமல் போவது இதனால்தான். எண்ணையும் சேர்த்துத் திருத்தும் கருவிகள் இருக்கின்றன, அவற்றைத்தான் பயன்படுத்த வேண்டும்.

“தமிழ் எழுத்து கலைந்தால் அது ஃபாண்ட் கோளாறு.”

இந்த நம்பிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. ஒரு காலத்தில் அது உண்மையாகவே இருந்தது. 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் தமிழ்ப் பக்கத்தைப் படிக்க அந்தத் தளத்துக்குரிய ஃபாண்டை இறக்கிக்கொள்ள வேண்டும். கோலாலம்பூரில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் இங்கே பலருக்குக் கணினித் தமிழின் வாசலாக இருந்தது. டிஸ்கி, டாப், டாம் என்று பல குறிமுறைகள் ஒரே நேரத்தில் புழங்கின. 2001 ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே நடந்தது. குறிமுறைச் சிக்கல் அன்றைக்குப் பெரிய பேச்சு. அந்தத் தலைமுறையில் கணினி பழகியவர்களுக்கு, எழுத்து கலைந்தால் கை தானாக ஃபாண்டைத் தேடிப் போவது இயல்பு.

இன்றைக்கு எல்லாம் யூனிகோட். எந்தக் கைப்பேசியிலும் தமிழ் ஃபாண்ட் இருக்கிறது. அப்படியிருந்தும் சர்வர் மாற்றியதும் எழுத்து சிதைகிறது என்றால் டேட்டாபேஸைத்தான் பார்க்க வேண்டும்.

நடப்பது இதுதான். மைஎஸ்கியூஎல் 5.7 வரையில், நாமாக எதுவும் சொல்லாவிட்டால், டேபிளை லத்தீன்1 என்ற மேற்கு ஐரோப்பியக் குறிமுறையில் அமைத்துவிடும். பிரௌசரிலிருந்து தமிழ் யூனிகோடாக வரும். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். டேட்டாபேஸ் அந்த மூன்று பைட்டையும் மூன்று ஐரோப்பிய எழுத்துகள் என்று எண்ணிக்கொண்டு சேமிக்கும். திருப்பிக் கேட்டால் அதே மூன்று பைட்டை அப்படியே கொடுக்கும், பிரௌசர் தமிழாகக் காட்டும். இரண்டு பக்கத் தவறும் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொள்வதால் பத்து வருடம் ஆனாலும் யாருக்கும் தெரியாது. புதிய சர்வரில் மைஎஸ்கியூஎல் 8.0 இருக்கும், பிளகினும் முறைப்படி யூடிஎஃப்-8 இணைப்பு கேட்கும். டேட்டாபேஸ் தன் கடமையைச் சரியாகச் செய்து, அந்த “ஐரோப்பிய எழுத்து” ஒவ்வொன்றையும் யூனிகோடுக்கு மாற்றிக் கொடுக்கும். அங்கேதான் தமிழ் போய்விடுகிறது.

திரையைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடலாம். தலையில் கோடு போட்ட ஆங்கிலச் சின்ன ஏ, அதன் பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் போட்ட வணிகக்குறி, இந்த இரண்டும் மாறிமாறி வந்தால் நான் சொன்ன லத்தீன்1 கதைதான். நல்ல செய்தி, தமிழ் முழுதும் உள்ளே பத்திரமாக இருக்கிறது. வெறும் கேள்விக்குறிகளாக வரிசைகட்டி நின்றால் அந்தப் பிரதியில் எழுத்து போய்விட்டது. எந்தக் கருவியாலும் வராது, பழைய சர்வரிலிருந்து மறுபடி எடுத்தாக வேண்டும். வெற்றுச் சதுரங்கள் தெரிந்தால் மட்டுமே ஃபாண்டைச் சந்தேகப்படுங்கள்.

முதல் வகைக்கு மருந்து: டேட்டாபேஸை எடுக்கும்போதே லத்தீன்1 என்று சொல்லி எடுக்க வேண்டும். வந்த ஃபைலை யூடிஎஃப்-8 தெரிந்த எடிட்டரில் திறந்தால் தமிழ் தமிழாகவே தெரியும். பிறகு அதில் லத்தீன்1 என்று அறிவித்திருக்கும் இடங்களை யூடிஎஃப்8எம்பி4 என்று மாற்றிப் புதிய சர்வரில் ஏற்ற வேண்டும். பேனலில் தெரியும் “கன்வெர்ட்” பொத்தானை நேராக அழுத்தினால் சிதைவு டேபிளுக்குள்ளேயே எழுதப்பட்டுவிடும். பிரித்தெடுக்க முடியும்தான், ஆனால் நொந்துபோவீர்கள்.

மைஎஸ்கியூஎல்லில் யூடிஎஃப்8 என்று மட்டும் இருந்தால் போதாதா? தமிழுக்குப் போதும், மூன்று பைட் வரை அது தாங்கும். கைகூப்பும் இமோஜிக்கு நான்கு பைட் வேண்டும். வாழ்த்துச் செய்தியில் யாராவது இமோஜி போட்டால் அந்த இடத்தோடு செய்தி வெட்டுப்படும், அல்லது சேமிக்கவே மறுக்கும். வேர்ட்பிரஸ் 2015இல் 4.2 பதிப்பிலேயே யூடிஎஃப்8எம்பி4 என்ற நான்கு பைட் முறைக்கு மாறியது.

எதிர்த்திசையிலும் ஒரு தடை உண்டு. மைஎஸ்கியூஎல் 8.0இல் எடுத்த பேக்கப்பை மரியாடிபி என்ற டேட்டாபேஸ் உள்ள சர்வரில் ஏற்றினால், எழுத்து வரிசை விதியின் பெயர் தெரியவில்லை என்று நிற்கும் சர்வர்கள் ஏராளம். இரண்டும் ஒரே குடும்பம்தான், ஆனாலும் புதிய வரிசை விதிகளின் பெயர்கள் வேறு. ஃபைலில் அந்தப் பெயரைப் பழைய பொது விதிக்கு மாற்றினால் ஏறிவிடும்.

தமிழுக்கென்றே இன்னொரு தேவை இருக்கிறது. அதை ஹோஸ்டிங் விளம்பரங்களில் பார்க்க முடியாது. “தமிழ்” என்று எழுதினால் நமக்கு மூன்று எழுத்து, யூனிகோடுக்கு ஐந்து குறி, பிஎச்பியின் சாதாரண நீளக் கணக்குக்குப் பதினைந்து. தலைப்பை 100 பைட்டோடு வெட்டு என்று ஒரு செய்தி பிளகின் எழுதப்பட்டிருந்தால், 33 குறிகள் போக மிச்சமாகும் ஒரு பைட், கட்டத்துக்குள் கேள்விக்குறியாக நிற்கும். எம்பிஸ்ட்ரிங் என்ற துணைத்தொகுதி இருந்து பிளகினும் அதைப் பயன்படுத்தினால் குறிக்கணக்கில் வெட்டும். அப்போதும் “கொ”வை வெட்டி “க”வாக விட்டுவிடக்கூடும், ஏனென்றால் கொம்பும் காலும் சேர்ந்த அந்த உயிர்க்குறி தனிக் குறி. முழு எழுத்தாக வெட்ட இன்ட்ல் தொகுதி வேண்டும். இந்த இரண்டும் பிஎச்பியோடு தானாக வருவதில்லை, சர்வரில் தனியே இயக்கப்பட்டிருக்க வேண்டும். ஆங்கிலத் தளத்துக்கு இவை இல்லாததன் குறை கண்ணில் படாது. தமிழ்த் தளத்துக்கு உடனே படும்.

டிஸ்கி காலத்துப் பக்கங்கள் இன்னும் கைவசம் வைத்திருக்கும் சங்கங்களுக்கு: டேட்டாபேஸ் அமைப்பை மாற்றுவதால் அவை யூனிகோடு ஆகாது. டிஸ்கியில் “கெ” என்றால் கொம்பு முதலில், “க” பிறகு. யூனிகோடில் “க” முதலில். வரிசையையும் திருப்பும் மாற்றிக் கருவி வழியாகத்தான் போக வேண்டும். சர்வர் மாற்றுவதற்கு முன் அதைத் தனி வேலையாகச் செய்துவிடுங்கள். மலேசியத் தமிழர்களின் இலக்கியப் பதிவுகளும் சங்க மலர்களும் இப்படிப்பட்ட பக்கங்களில்தான் இருக்கின்றன. மறுபடி யாரும் தட்டச்சு செய்து தரப்போவதில்லை.

“ஓடிக்கொண்டிருக்கிற சைட்டைத் தொடாதே.”

நீங்கள் தொடாவிட்டாலும் சுற்றியுள்ளவை மாறும். சென்ட்ஓஎஸ் 7 இயங்குதளத்துக்கு ஆதரவு 30 ஜூன் 2024இல் முடிந்தது. பிஎச்பி 7.4க்கு 28 நவம்பர் 2022இலும், 8.1க்கு 31 டிசம்பர் 2025இலும் பாதுகாப்புத் திருத்தங்கள் முடிந்தன. காலாவதியான சர்வரை ஹோஸ்டிங் கம்பெனி ஒருநாள் தானே மாற்றும், அந்த நாளை அவர்கள்தான் முடிவு செய்வார்கள். பழைய பிஎச்பிக்குக் காசு வாங்கிக்கொண்டு திருத்தம் போட்டுத் தரும் சேவைகளும் இருக்கின்றன. மூச்சுவிட நேரம் வேண்டுமென்றால் அது நியாயமான வழி.

பணம் வாங்கும் கடைகளுக்கு இது இன்னும் நெருக்கடி. எஸ்எஸ்எல், டிஎல்எஸ் 1.0 ஆகிய பழைய பாதுகாப்பு இணைப்புகளை 30 ஜூன் 2018க்குள் கைவிட வேண்டும் என்று கார்டுத் துறை விதித்தது. ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க மென்பொருளின் 1.0.1க்கு முந்தைய பதிப்பு உள்ள சர்வரால் அவற்றுக்குப் பிந்தைய இணைப்பைப் பேசவே முடியாது. பிளகினை எத்தனை முறை மாற்றிப் போட்டாலும் பயனில்லை. சட்டமும் இறுகியிருக்கிறது. மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 2024 திருத்தப்படி, 1 ஜூன் 2025 முதல் வாடிக்கையாளர் தரவு கசிந்தால் ஆணையரிடம் தெரிவிக்க வேண்டிய கடமை வியாபாரிக்கு உண்டு. கோட்பாடுகளை மீறினால் அபராதம் பத்து லட்சம் ரிங்கிட் வரை போகலாம்.

“எப்படியும் மாற்றத்தானே போகிறோம், ஒரேயடியாகக் கடைசிப் பதிப்புக்குப் போய்விடலாம்.”

வேர்ட்பிரஸ் போன்ற இன்னொரு மென்பொருளான ஜூம்லாவில் கட்டிய கோயில், சங்கத் தளங்கள் இங்கே இன்னும் இருக்கின்றன. ஜூம்லா 3க்கு ஆதரவு 17 ஆகஸ்ட் 2023இல் முடிந்தது. ஜூம்லா 4 குறைந்தது பிஎச்பி 7.2.5 கேட்கிறது. ஜூம்லா 5க்கு பிஎச்பி 8.1, அதோடு மைஎஸ்கியூஎல் 8.0.13 அல்லது மரியாடிபி 10.4 வேண்டும். ஜூம்லா 3.10 தளத்தை பிஎச்பி 8.1 மட்டுமே உள்ள சர்வரில் வைத்துவிட்டுப் பிறகு மேலே ஏற்றலாம் என்று நினைத்தால், ஏற்றும் திரைக்குப் போவதற்குள்ளேயே பழைய எக்ஸ்டென்ஷன்கள் (ஜூம்லாவின் பிளகின்கள்) முறிந்து நிற்கும். முதலில் 3.10ஐயும் எக்ஸ்டென்ஷன்களையும் கடைசித் திருத்தம் வரை கொண்டுவர வேண்டும். பிறகு இரண்டு பதிப்புக்கும் பொதுவான பிஎச்பி 7.4இல் நின்று ஜூம்லா 4, பிறகு பிஎச்பி 8.1, பிறகு ஜூம்லா 5. ஒவ்வொரு அடிக்கு முன்பும், இப்போதிருக்கும் பதிப்புக்கும் அடுத்ததற்கும் பொதுவான ஒரு பிஎச்பி எது என்று கேளுங்கள். 3.10இலேயே முன்சோதனைத் திரை ஒன்று இருக்கிறது. எந்த எக்ஸ்டென்ஷன் ஒத்துப்போகாது என்பதை அது ஓரளவு சொல்லிவிடும்.

இதையெல்லாம் ஓடுகிற தளத்தில் செய்யாமல், துணை டொமைனில் ஒரு பிரதி எடுத்து அதில் செய்து பாருங்கள். பிரதியிலிருந்து வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சல் போகாதபடி அடைத்துவிட வேண்டும்.

“குறைந்தபட்சத் தேவை பூர்த்தியானால் போதும்.”

பிளகின் பக்கத்தில் எழுதியிருக்கும் பிஎச்பி எண் கீழ் எல்லையை மட்டும் சொல்கிறது. வேர்ட்பிரஸ் 5.2 முதல், அந்த எண்ணுக்குக் கீழே உள்ள சர்வரில் பிளகினை இயக்க விடாது. மேல் எல்லையைச் சொல்ல அங்கே இடமே இல்லை. பிஎச்பி 5.6 போதும் என்று எழுதியிருக்கும் பிளகின் 8.3இல் ஓடுமா என்பதை அது கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்பதிலிருந்து ஊகித்து, பிரதியில் சோதித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஐயன்கியூப் என்ற குறியாக்கக் கருவி கொண்டு பூட்டிய கட்டண எக்ஸ்டென்ஷன்களில் இன்னும் கவனம் தேவை. அவற்றைத் திறந்து ஓட்டும் ஐயன்கியூப் லோடர் பிஎச்பி 8.0க்கு வரவேயில்லை, 8.1க்குத்தான் வந்தது.

பெரிய சர்வர் வாங்கினால் தீரும் என்பதும் அநேகமாக வீண் செலவு. தீபாவளிக்கு மெனுவில் சரக்கு வகைகளைச் சேர்த்துக்கொண்டே போனவருக்குக் கடைசி வரிசைகள் சேமிக்கப்படுவதில்லை என்றால், ஒரு படிவத்தில் 1,000 உள்ளீடுகளுக்கு மேல் ஏற்காத பிஎச்பி அமைப்பு காரணமாக இருக்கலாம். பிழை எதுவும் திரையில் காட்டாமல் மிச்சத்தை அது விட்டுவிடும். எட்டு ஜிபி ராம் போட்டாலும் 1,000 ஆயிரமாகவே இருக்கும். எண்ணை மாற்றினால் ஒரு நிமிட வேலை. படம் 2 எம்பிக்கு மேல் ஏறவில்லை என்பதும் இதே வகை.

புதிய ஹோஸ்டிங்குக்குப் பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை: எந்தெந்த பிஎச்பி பதிப்புகளை நாமே தேர்ந்தெடுக்கலாம், டேட்டாபேஸ் மைஎஸ்கியூஎல்லா மரியாடிபியா, எத்தனையாவது பதிப்பு, எம்பிஸ்ட்ரிங்கும் இன்ட்லும் இருக்கின்றனவா, .எச்டிஅக்சஸ் ஃபைலை அந்த சர்வர் படிக்குமா. என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருள் மட்டும் ஓடும் சர்வர் அதைப் படிக்காது. அப்போது முகப்பு திறக்கும், உள்பக்கங்கள் எல்லாம் 404 காட்டும். நேரம் வைத்துத் தானாக ஓடும் வேலைகள் எந்த பிஎச்பியில் ஓடும் என்பதையும் கேளுங்கள். பேனலில் 8.2 என்று காட்டினாலும், இரவில் ஓடும் பேக்கப் வேலை சர்வரின் பழைய பிஎச்பியில் ஓடி விழுந்துகொண்டிருப்பது சாதாரணம். பழைய கணக்கை உடனே மூடிவிடாமல், எல்லாப் பக்கத்திலும் தமிழ் சரியாக வருகிறது என்று கண்ணால் பார்க்கும்வரை இன்னொரு மாதம் கட்டணம் கட்டி வைத்திருங்கள். கேள்விக்குறிகளாகிப்போன பக்கங்களை மறுபடி எடுக்க வேறு இடம் கிடையாது.