பூக்கும், காய்க்காது

கேள்வி: தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலில் அலையாத்திக் காடு பார்த்திருக்கிறோம். பிச்சாவரத்தில் பூத்தும் காய்க்காத சுரபுன்னை ஒன்று உண்டாமே! அது எங்கிருந்து வந்தது? யாராவது ஒட்டுக்கட்டி உண்டாக்கினார்களா?
— ஓர் ஆசிரியை, ஏரல்

பதில்: யாரும் ஒட்டுக்கட்டவில்லை, வெளிநாட்டிலிருந்து கொண்டுவரவும் இல்லை. பிச்சாவரத்துச் சேற்றில் தானாகவே பிறந்த கலப்பினம் அது.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் மையத்தைச் சேர்ந்த பேராசிரியர் கதிரேசன் 1995-ல் இதைப் புதிய இனமாக அறிவித்தார். பல்கலைக்கழகத்தின் பெயரையே சேர்த்து 'ரைசோபோரா அண்ணாமலையானா' என்று பெயரும் வைத்தார். சென்னை எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் மரபணுவை ஆராய்ந்தபோது பெற்றோர் யார் என்பது தெளிவாயிற்று. பக்கத்திலேயே வளரும் ரைசோபோரா அபிகுலாட்டா, ரைசோபோரா மியூக்ரோனாட்டா என்ற இரண்டு சுரபுன்னைகள்தாம் அவை. ஒன்றின் மகரந்தம் காற்றில் பறந்து மற்றதன் பூவில் விழுந்ததில் பிறந்த பிள்ளை இது.

பூவைப் பார்த்தாலே சாயல் தெரியும். அபிகுலாட்டாவில் இலை உதிர்ந்த கணுவில், தடித்த குட்டைக் காம்பில் இரண்டிரண்டு பூக்கள் ஒட்டியிருக்கும். இதழில் மயிர் கிடையாது. மியூக்ரோனாட்டாவில் இலைக் கக்கத்திலிருந்து மெல்லிய நீண்ட காம்பில் பூக்கள் கொத்தாகத் தொங்கும். இதழோரம் வெள்ளை மயிர் அடர்ந்திருக்கும். கலப்பு மரம் இரண்டுக்கும் நடுவாந்தரம்.

சுரபுன்னையின் விதை மரத்திலேயே முளைவிட்டு, முருங்கைக்காய் போல் நீண்டு தொங்கி, பிறகு சேற்றில் விழுந்து வேர்பிடிக்கும். கலப்பு மரத்துக்கு அந்தப் பாக்கியம் அநேகமாக இல்லை. மகரந்தம் உருவாகும்போது தாய்வழிக் குரோமோசோமும் தந்தைவழிக் குரோமோசோமும் ஜோடி சேர வேண்டும். இருவேறு இனங்கள் கலந்து பிறந்தவற்றில் இந்த ஜோடி சரியாக அமையாமல் போவது வழக்கம், மகரந்தம் மலடாகிவிடும். பூக்கள் பிஞ்சு பிடிக்காமல் உதிர்ந்துவிடும். ஆகவே ஒவ்வொரு கலப்பு மரமும் பெற்றோர் இனங்கள் புதிதாகக் கலந்தே பிறக்க வேண்டும்.

இது பிச்சாவரத்துக்கு மட்டுமே உரிய அதிசயமும் அல்ல. பசிபிக் கடலில் உள்ள நியூ கலிடோனியாவில் அபிகுலாட்டாவும் ஸ்டைலோசா என்ற வேறொரு சுரபுன்னையும் கலந்த 'லமார்க்கி' என்ற மலட்டுச் சுரபுன்னை இருக்கிறது.

புன்னைக்காயலில் நீங்கள் பார்த்ததில் பெரும்பகுதி வெண்கண்டல். அது வேறு குடும்பம். அதற்கும் சுரபுன்னைக்கும் கலப்பு நடக்காது. இரண்டு சுரபுன்னைகளும் அடுத்தடுத்து நிற்கும் இடத்தில்தான் இந்தப் பிள்ளை பிறக்கும். பிச்சாவரம் 2022-ல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. இந்த மரம் நிலைக்க வேண்டுமானால் அங்கே பெற்றோர் இரண்டையும் காப்பாற்றியாக வேண்டும். விதை எடுத்து வைக்கும் வழி இதற்கு இல்லை.