தரவுத்தளம் இடம் மாறும்போது

நூலகத்தில் நாம் நூல் இரவல் பெறும்போது, பெயரும் நூலின் இலக்கமும் கணினியில் பதியப்படுகின்றன. பதிவை வாங்குவது ஒரு மென்பொருள். அதைச் சேமித்து வைப்பது தரவுத்தளம். இரண்டும் ஒரே கணினியில் இருக்கும்வரை சிக்கலில்லை. தரவுத்தளத்தைத் தொலைவிலுள்ள சேவையகத்துக்கு மாற்றினால், மென்பொருளுக்குப் புதிய வழியைக் காட்டவேண்டும். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தை உதாரணமாகக் கொண்டு இதனைப் பார்ப்போம்.

மென்பொருளுக்கு ஐந்து விடயங்கள் தெரியவேண்டும்: சேவையகத்தின் முகவரி, போர்ட் இலக்கம், தரவுத்தளத்தின் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல். மைஎஸ்கியூஎல்லின் வழமையான போர்ட் இலக்கம் 3306. இவற்றைச் செய்நிரலுக்குள் எழுதாமல் தனியான அமைவுக் கோப்பில் வைப்பதே முறை. செய்நிரலைப் பிறருக்குக் கொடுக்கும்போது கடவுச்சொல்லும் கூடவே போய்விடக் கூடாதல்லவா?

இவை சரியாக இருந்தும் இணைப்புக் கிடைக்காமற் போகலாம். காரணத்தைப் பிழைச் செய்தியிலிருந்தே ஊகிக்கலாம்.

1. பதிலே வராமல் நேரம் கடந்தால், பெரும்பாலும் இடையிலுள்ள தீச்சுவர் தடுக்கிறது.

2. இணைப்பு உடனே மறுக்கப்பட்டால், பெரும்பாலும் தரவுத்தளம் வெளியிலிருந்து வரும் அழைப்பைக் கேட்கவில்லை. பல சேவையகங்களில் அது 127.0.0.1 என்ற உள்முகவரியில் மட்டுமே கேட்கும்படி அமைக்கப்பட்டிருக்கும். அந்த அமைவை மாற்றி, தரவுத்தளத்தை மீளத் தொடக்கவேண்டும்.

3. 1045 என்ற பிழை வந்தால், தரவுத்தளத்தின் வாசலை அடைந்துவிட்டோம், அனுமதிதான் இல்லை. கடவுச்சொல் பிழையாக இருக்கலாம். மைஎஸ்கியூஎல் பயனரைப் பெயரால் மட்டுமன்றி, அவர் வரும் கணினியாலும் அடையாளம் காணும். உள்ளிருந்து வருபவருக்கென உருவாக்கிய கணக்கு, வெளியிலிருந்து வந்தால் செல்லாது.

இணைப்புக் கிடைக்காத எரிச்சலில் எல்லோருக்கும் வாசலைத் திறந்துவிடுவது பெருந்தவறு. நூலக மென்பொருள் இயங்கும் கணினிக்கு மட்டும், தேவையான உரிமைகளை மட்டும் வழங்குங்கள். பொது இணையத்தினூடாகச் செல்லும் தரவை மறைகுறியாக்கம் செய்யுங்கள்.

இனி, பலரும் மறந்துவிடும் ஒன்று. பழைய தரவுத்தளத்தைப் பிரதி எடுத்த பின்னரும் மென்பொருள் அதிலேயே இயங்கினால் என்னவாகும்? அந்த இடைவெளியில் ஒரு மாணவி நூலைத் திருப்பிக் கொடுத்தால், அப்பதிவு புதியதில் இராது. கொடுத்த நூலுக்கு அவள் தண்டப்பணம் கட்ட நேரிடும்!

ஆகவே முதலில் மென்பொருளை நிறுத்துங்கள். பிரதி எடுத்துப் புதியதில் ஏற்றுங்கள். பதிவுகளின் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். அதன் பின்னரே முகவரியை மாற்றி மீண்டும் தொடங்குங்கள். பழையதை உடனே அழித்துவிடாதீர்கள். இணைப்பு ஏற்பட்டால் மட்டும் போதாது. ஒரு பதிவும் தவறாமல் வந்து சேர்ந்தால்தான் வேலை முடிந்தது.