ஒன்றரை வயதில் கேட்க வேண்டிய கேள்விகள்

புதன்கிழமைகளில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடுப்பூசி போடுகிறோம். ஒன்பதாம் மாதத்துக்குப் பிறகு கொஞ்சம் இடைவெளி விட்டு, 16 முதல் 24 மாதத்துக்குள் தட்டம்மை–ரூபெல்லா இரண்டாம் தவணைக்கும் முத்தடுப்பு ஊக்கத் தவணைக்கும் குழந்தைகள் மறுபடி வருகிறார்கள். எடை பார்த்து, உயரம் அளந்து, ஊசி போட்டு, வைட்டமின் ஏ கொடுத்து அனுப்பிவிடுகிறோம். குழந்தை யாரிடம் ஒட்டுகிறது, எதற்குப் பயப்படுகிறது, எப்படித் தூங்குகிறது, கோபம் வந்தால் என்ன செய்கிறது என்பதையெல்லாம் அம்மாவாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறோம்; நாமாகக் கேட்பது அபூர்வம். அடுத்தடுத்த வருகைகள் பெரும்பாலும் காய்ச்சலுக்கும் சளிக்கும்தான். அப்போது இதைப் பேச இரு தரப்புக்கும் மனம் இருக்காது. ஆகவே இந்த ஒரு வருகையிலாவது வருகிற எல்லாக் குழந்தைகளின் பெற்றோரிடமும், எழுதிவைத்த ஒரே கேள்விகளைக் கேட்டாக வேண்டும் என்பது என் கட்சி. கேள்வித்தாளை முழுதாக நம்பிவிடக் கூடாது என்பதும் அதே கட்சியின் பகுதிதான்.

துறைக்குள்ளிருந்து எழும் முதல் மறுப்பு, ‘குழந்தையைப் பார்த்தாலே தெரிந்துவிடுமே, கேள்வித்தாள் எதற்கு?’ என்பது. ஆண்டுக்கணக்கில் குழந்தைகளைப் பார்த்தவர்கள் அப்படி நினைப்பது இயல்பு. ஆனால் அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தபோது அது தேறவில்லை. ஷெல்ட்ரிக், மெர்ச்சன்ட், பெரின் ஆகிய மூவர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2011-இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழில் எழுதினார்கள். வளர்ச்சியிலோ நடத்தையிலோ உண்மையிலேயே பிரச்சினை உள்ள நூறு குழந்தைகளில், தம் கணிப்பை மட்டும் நம்பிய மருத்துவர்கள் கண்டுபிடித்தது ஆய்வுக்கு ஆய்வு 14 முதல் 54 பேரைத்தான். காரணம் ஊகிக்கக் கடினமானதல்ல. ஊசி போடும் அறையில் எல்லாக் குழந்தைகளும் அழுகின்றன, எல்லாக் குழந்தைகளும் அம்மாவைக் கட்டிக்கொள்கின்றன. அந்த ஐந்து நிமிடத்தில் கண்ணில் படுவது ஊசியின் பயமே தவிர குழந்தையின் சுபாவம் அல்ல. இன்னொரு காரணம் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. பெற்றோரின் புகார் எப்போதும் இருப்பதைப் பற்றியே வருகிறது: கடிக்கிறான், தரையில் தலையை முட்டுகிறான், சாப்பிட மாட்டேன் என்கிறாள். இல்லாததைப் பற்றி யாரும் புகார் சொல்வதில்லை. கூப்பிட்டால் திரும்பாத, எதையும் கொண்டுவந்து காட்டாத, கொடுத்த பொருளோடு மணிக்கணக்கில் தனியே உட்கார்ந்திருக்கும் குழந்தையைச் சமத்து என்று நான்கு பேர் மெச்சிக்கொண்டிருப்பார்கள். ‘பிட்சியா’ என்ற கேள்வித்தாள் ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைகளுக்கானது. அதன் 42 கேள்விகளில் 31 பிரச்சினைகளைப் பற்றியவை. மீதி 11, அந்த வயதில் வந்திருக்க வேண்டிய பழகும் திறன்களைப் பற்றியவை. மருத்துவர் பெரும்பாலும் கேட்க மறப்பது இந்தப் பதினொன்றைத்தான்.

‘ரெண்டு வயசுல எந்தப் பிள்ளைதான் அடம்பிடிக்கல? வளர்ந்தா சரியாகிடும்’ என்பது அடுத்த மறுப்பு. பாட்டிகள் மட்டுமல்ல, மருத்துவர்களும் சொல்வதுதான். இதில் பாதி உண்மை இருக்கிறது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிரிக்ஸ்-கோவனும் சக ஆய்வாளர்களும் இளங்குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006-இல் எழுதினார்கள். முதல் மதிப்பீட்டில் பிரச்சினைகள் அதிகமாக இருந்த குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஓராண்டு கழித்தும் அவை தீரவில்லை. மற்ற பாதிப் பேருக்கு அவை தணிந்துவிட்டன. எந்தப் பாதி எது என்று முதல் நாளில் சொல்ல முடியாது. அதனால் ஒரே தாளை வைத்துக் குழந்தைக்கு நோய்ப் பெயர் சூட்டுவதும் தவறு, ‘சரியாகிடும்’ என்று கதவைச் சாத்துவதும் தவறு. செய்யக்கூடியது, எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லி, இரண்டு மாதத்தில் ஒரு தேதி குறித்துத் திரும்ப வரச் சொல்வது. தேதி சொல்லாமல் ‘பார்க்கலாம்’ என்று அனுப்பப்படும் குழந்தை திரும்பி வருவதில்லை.

கேட்கும் விதத்தில்தான் பெரும்பாலான பிழைகள் நடக்கின்றன. வாசிக்கத் தெரிந்த பெற்றோரிடம் தாளைக் கொடுத்துக் காத்திருக்கும் நேரத்தில் நிரப்பச் சொல்லலாம். கிராமப்புறத்தில் செவிலியர்தான் வாசித்துக் கேட்க வேண்டியிருக்கும். அப்போது ‘நல்லாத்தானே விளையாடுறான்?’ என்று கேள்வி வளைந்துவிடுகிறது. ‘ஆமா சிஸ்டர்’ என்பதைத் தவிர அம்மா வேறென்ன சொல்வார்? தாளில் உள்ளதை உள்ளபடி வாசித்து, பதிலுக்குப் பிறகு ‘கடைசியா எப்ப அப்படிச் செஞ்சான், சொல்லுங்க’ என்று ஓர் உதாரணம் கேட்பது நல்லது. ஆட்டிசத்துக்கான ‘எம்-சாட்’ கேள்வித்தாளில் விரல் சுட்டுவதைப் பற்றி இரண்டு கேள்விகள் அடுத்தடுத்து வருகின்றன. ஒன்று, வேண்டிய பொருளைக் கேட்கச் சுட்டுவது. மற்றது, வானத்தில் போகும் விமானத்தையோ தெருவில் போகும் லாரியையோ ‘நீயும் பார்’ என்று காட்டச் சுட்டுவது. அவசரத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். அம்மாவின் கையைப் பிடித்து அலமாரிக்கு இழுத்துச் செல்லும் குழந்தையையும் ‘காட்டுறான்’ கணக்கில் சேர்த்துவிடுவார்கள். அது சுட்டுவது ஆகாது. கேள்விகள் வேறு நாட்டில் பிறந்தவை, நம் வீட்டுக்குப் பொருந்துமா என்று கேட்பவர்களுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். தனியாகப் படுப்பது, தானே எடுத்துச் சாப்பிடுவது போன்றவை நம் வீடுகளில் இரண்டு வயதுக் குழந்தைக்குப் பொருந்தாமல் போகலாம். அம்மாவோடு படுப்பதும் ஊட்டிவிடுவதும் இங்கே வழக்கம், குறையில்லை. ஆனால் பெயர் சொன்னால் திரும்புவது, சிரித்தால் சிரிப்பது, ஒருவரைப் பார்த்து அதேபோல் செய்வது இவற்றுக்கு ஊர் பேதம் இல்லை. பொருந்தாத கேள்விகளுக்காகத் தாளையே தள்ளிவைக்க வேண்டியதில்லை.

மதிப்பெண்ணை எவ்வளவு நம்பலாம்? இங்கேதான் எதிர்ப்பாளர்களின் வாதம் வலுவானது. ‘எம்-சாட்’டின் திருத்திய வடிவத்தை 16,000-க்கு மேற்பட்ட குழந்தைகளிடம் சோதித்து ராபின்ஸ் குழு 2014-இல் முடிவுகளை வெளியிட்டது. முதலில் தாள், ஐயம் இருந்தால் விரிவான மறுகேள்விகள் என்ற இரு படிகளையும் தாண்டியும் ஐயம் தீராத குழந்தைகளில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு ஆட்டிசம் இருந்தது. ஏறத்தாழ 95 சதவீதத்தினருக்கு ஏதாவது ஒரு வளர்ச்சிச் சிக்கலாவது இருந்தது. அழகான எண்கள். 2019-இல் ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையின் சுகாதார வலையமைப்பில், அன்றாட மருத்துவத்தில் ஏறத்தாழ 26,000 குழந்தைகளைப் பின்தொடர்ந்த கத்ரி குழுவின் ஆய்வு வந்தபோது அந்த அழகு கலைந்தது. பிற்பாடு ஆட்டிசம் உறுதியான குழந்தைகளில் இந்தத் தாள் முன்பே பிடித்தது 39 சதவீதத்தை மட்டுமே. ஐயம் என்று காட்டியவர்களில் ஆட்டிசம் இருந்தது 15 சதவீதம். மறுகேள்விகள் பலரிடம் கேட்கப்படவே இல்லை. ஆட்டிசத்துக்கு வந்த இந்த எண்களிலிருந்து, பொதுவான நடத்தைப் பிரச்சினைகளுக்கும் பொருந்துகிற இரண்டு பாடங்களை நான் எடுத்துக்கொள்கிறேன். மறுகேள்வி கேட்க நேரமில்லாத இடத்தில் முதல் தாளை வைத்து மட்டும் யாரையும் பயமுறுத்தக் கூடாது. அதைவிட முக்கியமானது, தாளில் தேறிவிட்ட குழந்தையின் அம்மா ‘எனக்கு என்னமோ சரியாப் படல’ என்றால், அந்தச் சொல்லுக்கே எடை அதிகம். மதிப்பெண்ணைக் காட்டி அவர் வாயை அடைப்பதுதான் இந்தத் தாளால் விளையக்கூடிய பெரிய கேடு.

நேரமில்லை என்ற வாதத்துக்கு மாசசூசெட்ஸ் மாநிலம் பதில் சொன்னது. அரசு மருத்துவக் காப்பீட்டில் உள்ள குழந்தைகளுக்காக 2006-இல் வந்த நீதிமன்றத் தீர்ப்பை அடுத்து, 2007 இறுதியிலிருந்து அங்கே ஒவ்வொரு நலப் பரிசோதனை வருகையிலும் கேள்வித்தாள் கட்டாயமானது. ஓராண்டிலேயே பாதிக்கு மேற்பட்ட வருகைகளில் கேள்வித்தாள் பயன்பட்டது. உத்தரவும் அதற்கெனத் தனிக் கட்டணமும் இருந்ததால் நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மருத்துவரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பியிருந்தால் நடந்திருக்காது.

‘கண்டுபிடித்து எங்கே அனுப்புவது?’ என்ற கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. குழந்தைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்க 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற தேசியத் திட்டத்தில் வளர்ச்சித் தாமதங்கள் தேட வேண்டியவற்றின் பட்டியலிலேயே உள்ளன. அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரு முறை மருத்துவக் குழு வர வேண்டும். குழந்தையை அனுப்ப மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையம் உண்டு. மையம் தொலைவில் இருக்கலாம், தேதி கிடைக்கத் தாமதமாகலாம். அதுவரை செய்ய ஒன்றுமில்லை என்று கைவிரிக்க வேண்டியதில்லை. காது கேட்கிறதா என்று முதலில் பரிசோதிக்கலாம்; பெயர் சொன்னால் திரும்பாததற்குச் சில சமயம் அதுதான் காரணம். கைப்பேசி எத்தனை மணி நேரம் என்று கேட்கலாம். இந்தியக் குழந்தை மருத்துவ அகாடமி இரண்டு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம் என்கிறது. பல வீடுகளில் சோறு இறங்குவதே திரையோடுதான். அம்மா தூங்குகிறாரா, அடிக்கடி அழுகிறாரா என்பதையும் தனியே, மாமியாரும் கணவரும் பக்கத்தில் இல்லாதபோது கேட்க வேண்டும். மனச்சோர்வில் இருக்கும் தாய்க்குக் குழந்தையின் சின்னப் பிடிவாதமும் மலையாகத் தெரியலாம், பெரிய சிக்கலும் கண்ணில் படாமல் போகலாம். இதைக் கேட்பதற்கான பத்துக் கேள்வி எடின்பரோ அளவுகோல் தமிழிலேயே கிடைக்கிறது. இவை எவற்றுக்கும் சிறப்பு மருத்துவர் தேவையில்லை.

பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன். ஒன்றரை வயது ஊசிக்குப் போகும்போது, கடந்த ஒரு வாரத்தில் குழந்தை செய்ததில் உங்களுக்கு நெருடியதையும், செய்யும் என்று எதிர்பார்த்து இன்னும் செய்யாததையும் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். யாரும் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். ‘வளர்ந்தா சரியாகிடும்’ என்று பதில் வந்தால் சண்டை வேண்டாம். மறுபடி எப்போது வர வேண்டும் என்று கேட்டு, அந்தத் தேதியைத் தடுப்பூசி அட்டையிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.