வெயில் காலத்தில் முகத்துக்கு என்ன பூசலாம்?



பாடத்துக்குப் போகும் முன்பு, சென்ற கோடையில் நம் கூட்டத்தில் நடந்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறோம். வெளியூரில் இருந்து ஒரு அம்மா வந்து, "வயசான தோலுக்குன்னே வந்த கிரீம்" என்று டப்பாக்களை அடுக்கினார். ஒரு டப்பா 850 ரூபாய். வறட்சி போகும், சுருக்கம் போகும், மங்கு மறையும், நிறமும் வரும் என்றார். சேமிப்பும் கடன் தவணையும் வசூலித்த அதே மேசையில் அதற்கும் பணம் வாங்கினோம். வாங்கியது வேறு யாரும் இல்லை, பொறுப்பில் இருக்கும் நாங்கள்தான். பதினொரு பேர் வாங்கினார்கள். அதில் இரண்டு பேர் உள்கடன் எடுத்து வாங்கினார்கள்.

மூன்று வாரம் எல்லாருக்கும் முகம் பளபளவென்று இருந்தது. இரண்டாம் மாதம் ஒரு அக்காவுக்குக் கன்னம் சிவந்து, வெயிலில் நின்றாலே மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிந்தது. நிறுத்திப் பார்த்தார், இன்னும் மோசமானது. மருத்துவர் டப்பாவைக் கையில் வாங்கி முதலில் கேட்டது, "இதைத் தயாரிச்சது யாரும்மா?" டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். அதில் பேரும் இல்லை, ஊரும் இல்லை.

ஏமாந்தார்கள் என்று அந்தப் பதினொரு பேரைச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. அவர்களுக்குத் தேவை இருந்தது. 1989-ல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் குழுத் திட்டம் 1991-92-ல் சேலத்துக்கு வந்தது. அப்போது நாமக்கல்லும் சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. முதல் நோட்டில் பேர் எழுதியபோது முப்பது வயதாக இருந்தவர்கள் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார்கள். கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்தாலே, "மூஞ்சி இழுக்குதுங்க, கை எல்லாம் செதில் செதிலா வருதுங்க" என்ற பேச்சுதான். அதனால்தான் இந்த மாதம் இந்தப் பாடம்.

தோல் ஏன் காய்கிறது?

மண் சுவருக்குச் சாணி மெழுகுவது போல, நம் தோலுக்கு மேலே மெல்லிய எண்ணெய்ப் பூச்சு ஒன்று இயற்கையாகவே உண்டு. உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாமல் அது காக்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு அந்த எண்ணெய் குறைந்துவிடும். தோலைத் தாங்கி நிற்கும் கொலாஜன் என்ற சத்தும் முதல் ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ 30 சதவீதம் வரை குறைகிறது. தோல் மெலிகிறது, ஈரத்தைப் பிடித்து வைக்கும் சக்தியும் போகிறது.

அதோடு நம் ஊர் வெயில். ஏப்ரல், மே மாதத்தில் இங்கே 40 டிகிரியை ஒட்டி அடிக்கிறது. தறிக்குடோனில் நாள் முழுக்க ஃபேன் காற்று. ஆத்தூர், ராசிபுரம் பக்கம் மரவள்ளிக் கிழங்கு தோல் உரிக்கிறவர்களுக்குக் கை எப்போதும் நனைவதும் காய்வதுமாக இருக்கும். நனைந்து நனைந்து காயும் தோல்தான் அதிகமாக வறண்டு போகும். இது பலருக்கும் ஆச்சரியமாக இருக்கலாம்.

எண்ணெய் குறைவது வேறு, தண்ணீர் குறைவது வேறு. "என் மூஞ்சி எண்ணெய் வடியுதே, எனக்கு எதுக்கு கிரீம்?" என்று சில பேர் கேட்கிறார்கள். எண்ணெய் வடிந்தாலும் உள்ளே ஈரம் இல்லாமல் இருக்கலாம். கன்னத்தை விரலால் லேசாக மேலே தள்ளிப் பாருங்கள். வெங்காயச் சருகு போல நுண்ணிய கோடுகள் எழுந்தால் ஈரம் போதவில்லை என்று நினைக்கலாம். எண்ணெயும் ஈரமும் இரண்டும் குறைந்திருப்பதுதான் ஐம்பதுக்கு மேற்பட்டவர்களில் அதிகம்.

தண்ணீர் நிறையக் குடித்தால் சரியாகிவிடுமா? வெயிலில் வேலை செய்கிறவர்கள் உடம்புக்காகக் கட்டாயம் குடிக்க வேண்டும். ஆனால் குடிப்பதால் மட்டும் மேல்தோல் வறட்சி தீராது. மெழுகு போன சுவருக்கு வெளியேதான் மெழுக வேண்டும்.

பகலுக்கு எது?

கடையில் மாய்ஸ்சரைசர் என்று விற்பது இந்த மெழுகும் வேலைக்குத்தான். அதில் இரண்டு வகைச் சரக்கு இருக்க வேண்டும். ஒன்று ஈரத்தை இழுத்து வைப்பது. கிளிசரின் அந்த வகை. ஹயலூரோனிக் ஆசிட் என்று விலை கூடிய டப்பாக்களில் போட்டிருப்பதும் அதே வேலையைத்தான் செய்கிறது. இன்னொன்று மேலே மூடி போடுவது. டைமெத்திகோன், பெட்ரோலியம் ஜெல்லி, மினரல் ஆயில், தாவர எண்ணெய்கள் இந்த வகை. ஈரம் இழுப்பது மட்டும் இருந்து மூடி இல்லாவிட்டால், வறண்ட காற்றில் கொஞ்ச நேரத்தில் பழையபடி இழுக்க ஆரம்பித்துவிடும்.

கெட்டியான கிரீம் நம் கோடைக்கு ஆகாது. வேர்வையோடு சேர்ந்து பிசுபிசுக்கும், வேர்க்குரு வரும், தூசி ஒட்டும். பகலுக்கு ஊற்றினால் ஓடுகிற பதத்தில் இருக்கும் லோஷன் போதும். டப்பாவின் பின்பக்கம் சரக்குப் பட்டியலைப் பாருங்கள். எது அதிகமோ அதுதான் முதலில் எழுதியிருக்கும். தண்ணீருக்கு அடுத்து இரண்டு, மூன்று பேருக்குள் கிளிசரின் வந்தால் நல்லது. எழுத்து பொடியாக இருக்கும், படிக்கும் பிள்ளைகளை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். வாசனை குறைவாக இருப்பதையோ வாசனையே இல்லாததையோ எடுங்கள். மெலிந்த தோலை வாசனைச் சரக்கு சீக்கிரம் அரிக்க வைக்கும். விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். கிளிசரின் மலிவான சரக்கு, நூறு ரூபாய் லோஷனிலும் அது உண்டு.

சில லோஷன்களில் யூரியா என்று இருக்கும். "வயலுக்குப் போடறதாக்கா?" என்று ஒரு பெண் கேட்டு எல்லாரும் சிரித்தார்கள். கேள்வி சரிதான். இரண்டும் ஒரே ரசாயனம். தோலே தன் ஈரத்துக்காகக் கொஞ்சம் யூரியா வைத்திருக்கிறது. ஆனால் உர மூட்டையில் வருவது வேப்ப எண்ணெய் பூசியது, சுத்தம் செய்யாதது. அதைக் கரைத்துப் பூசிவிடாதீர்கள். யூரியா லோஷன் குதிகால் வெடிப்புக்கும் கிழங்கு உரித்துத் தடித்த கைக்கும் நல்லது, முகத்துக்கு வேண்டாம்.

பூசுவதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. குளித்துத் துண்டால் ஒற்றி எடுத்த இரண்டு மூன்று நிமிடத்துக்குள், தோல் ஈரமாக இருக்கும்போதே பூச வேண்டும். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்துப் புளியங்கொட்டை அளவு போதும். காய்ந்த முகத்தில் எவ்வளவு அப்பினாலும் வீண். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் சோப்பு நுரைக்காது, அதனால் இன்னும் தேய்ப்போம், முகம் இன்னும் வெளுத்துக் காயும். காலையில் முகத்துக்கு வெறும் தண்ணீர் போதும், சாயங்காலம் ஒரு முறை சோப்பு. துணி சோப்பை முகத்தில் போடும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அதை விட்டாலே பாதி எரிச்சல் குறையும்.

வீட்டில் இருப்பது

தேங்காய் எண்ணெயை யாரும் குறைத்துப் பேச வேண்டாம். 2004-ல் வெளியான பிலிப்பைன்ஸ் மருத்துவர்களின் ஆய்வு ஒன்று, வறண்ட தோலுக்குத் தேங்காய் எண்ணெயும் மினரல் ஆயிலும் ஒன்று போலவே உதவுவதாகக் கண்டது. கை காலுக்கு ஈரத்தோடு இரண்டு சொட்டு தடவினால் போதும். முகத்துக்கு என்றால், பரு வருகிற தோலுக்கு ஒத்துக்கொள்ளாது.

மருந்துக்கடையில் விற்கும் கிளிசரினை அப்படியே பூசக் கூடாது. ஒரு ஸ்பூனுக்குக் காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒன்பது, பத்து ஸ்பூன் கலந்து, முகத்தில் தடவி, மேலே ஒரு சொட்டு எண்ணெய் ஒற்றிக்கொள்ளலாம். அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள், வைத்தால் கெட்டுப்போகும். இதில் எலுமிச்சைச் சாறு சேர்க்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. சாறு பட்ட இடத்தில் வெயில் பட்டால் புண்ணாகி, கறுப்புத் திட்டு மாதக்கணக்கில் நிற்கும். பகலில் எலுமிச்சை கூடவே கூடாது.

வெயிலுக்கு மறைப்பு

மங்கு கூடுவதற்கும் சுருக்கம் கூடுவதற்கும் வெயில் பெரிய காரணம். எஸ்.பி.எஃப். 30 என்று போட்ட லோஷன் வாங்கினால் ஈரமும் மறைப்பும் ஒன்றாகக் கிடைக்கும். வீட்டிலும் கடையிலும் பள்ளிச் சத்துணவுக் கூடத்திலும் வேலை செய்கிறவர்களுக்கு இது வசதி. காட்டு வேலைக்குப் போகிறவர்களிடம் அதை மட்டும் நம்பச் சொல்ல எங்களுக்கு மனசு வரவில்லை. வேர்வையில் கரையும், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பூச வேண்டும், மாதம் இரண்டு டியூப் ஆகும். வீட்டுக்காரர் முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேலே போட்டு, தலையில் துண்டை இழுத்துக் கட்டி வெங்காயம் பிடுங்கப் போகிறோமே, அதைவிட நல்ல மறைப்பு இல்லை. துண்டு நெற்றிக்கும் கன்னத்துக்கும் நிழல் தருகிற மாதிரி முன்னால் வரட்டும். லோஷனை அதற்குக் கீழே பூசிக்கொள்ளுங்கள்.

அந்த டப்பாவில் இருந்தது என்ன?

பகல் பூச்சு ஈரத்தைக் காக்கும், கொஞ்சம் வெயிலைத் தடுக்கும். மூன்று வாரத்தில் நிறம் தருவது அதன் வேலை இல்லை. அப்படி நிறம் வந்தால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். பெரும்பாலும் ஸ்டீராய்டாக இருக்கும், இல்லாவிட்டால் பாதரசமாக இருக்கும்.

அந்த அக்காவின் முகத்தைப் பார்த்து, இது ஸ்டீராய்டு பூசிய முகம் என்றார் மருத்துவர். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்ற பேர்களில் வருவது இது. நோய்க்கு மருத்துவர் சொல்லும் நாட்களுக்கு மட்டும் பூசினால் மருந்து. தினமும் முகத்தில் பூசினால் தோல் மெலியும், ரத்த நரம்பு தெரியும், பருவும் முடியும் வரும், விட்டால் எரியும். தோலில் பூசும் ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் மத்திய அரசு 2018-ல் சேர்த்தது. டியூபில் சிவப்புக் கோடு இருந்தால் அது மருந்து, அழகுச் சாமான் இல்லை. ஏற்கெனவே மாதக்கணக்கில் பூசிக்கொண்டு இருப்பவர்கள் பயந்துபோய் நீங்களாகச் சமாளிக்காமல், மருத்துவரிடம் காட்டி அவர் சொல்லும்படி விடுங்கள்.

பாதரசம் இதைவிட மோசம், சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2023-ல் கேரளத்தில் மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரில் புரதம் போகும் நோயோடு வந்தவர்களை மருத்துவர்கள் விசாரித்தார்கள். பல பேர் நிறம் தரும் கிரீம் பூசியவர்கள் என்று தெரிந்தது. காலில் வீக்கம், சிறுநீரில் நுரை இருந்தால் டப்பாவையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். பூசியவர் கையும் துண்டும் பட்டு வீட்டில் குழந்தைக்கும் போகும். பட்டியலில் மெர்குரி, கலோமெல் என்று இருந்தால் தொடாதீர்கள். சில டப்பாவில் "வெள்ளி, தங்க நகையில் படக்கூடாது" என்று எச்சரிக்கை இருக்கும். பாதரசம் வெள்ளியோடு ஒட்டும் என்பதால் அப்படிப் போடுகிறார்கள். வெள்ளிக் கொலுசு செய்யும் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஒழுங்கான டப்பாவில் தயாரித்தவர் பேரும் முகவரியும், உரிம எண்ணும், தயாரித்த நாளும், எதுவரை பயன்படுத்தலாம் என்பதும் இருக்கும். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதிப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். எதுவானாலும் முதலில் முழங்கை உள்பக்கம் நாலைந்து நாள் பூசிப் பார்த்துவிட்டுத்தான் முகத்துக்கு.

இவ்வளவு செய்தும் அரிப்பும் வறட்சியும் போகவில்லை என்றால் சர்க்கரையும் தைராய்டும் பார்க்க வேண்டும். அசதி, உடல் எடை கூடுவது, மலச்சிக்கல் கூட இருந்தால் தைராய்டைச் சந்தேகப்படலாம். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வரும் நம் குழுப் பெண்களிடமே சர்க்கரையைப் பார்த்துக்கொள்ளலாம். தோலுக்கு சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இரண்டும் இருக்கின்றன.

அந்த அக்காவுக்கு நான்கு மாதத்தில் எரிச்சல் அடங்கியது. கன்னத்தில் நரம்புக் கோடு இன்னும் தெரிகிறது. உள்கடன் எடுத்த இரண்டு பேருக்கும் அந்த 850 ரூபாயைப் பொறுப்பில் இருக்கும் நாங்கள் கைக்காசில் கட்டிவிட்டோம். கூட்டத்தில் யாரும் எந்தச் சாமானும் விற்கக் கூடாது என்று தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது வீட்டில் முகத்துக்குப் பூசும் டப்பா, டியூப் எதுவானாலும் எடுத்து வாருங்கள். மருமகளுடையதும் மகளுடையதும் சேர்த்து. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்துப் பார்ப்போம். கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியை மறக்க வேண்டாம்.