ஐ.சி.யு.வில் இருக்கும் பிள்ளையை அசைக்கலாமா?



சென்ற மாதம் நிமோனியாவால் வென்டிலேட்டரில் இருந்த எட்டு வயதுப் பையன் ஒருவனை நலம் விசாரிக்கப் போயிருந்தோம். வராந்தாவில் அவனுடைய நன்னிமா கோபமாக இருந்தார். "கால மடக்கி நீட்டணும்னு ஒரு பொண்ணு வந்துச்சு. புள்ள தூங்கட்டும், தொடாதேன்னு அனுப்பிட்டேன்" என்றார்.

பாசத்தில் சொன்ன வார்த்தைதான். வெகுகாலம் மருத்துவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் அசையாமல் கிடக்கும் உடம்பில் சில நாட்களிலேயே தசை கரையத் தொடங்கும். மூட்டு இறுகும், சளி தேங்கும், பாதம் கீழ்நோக்கித் தொங்கிவிடும். நோய் போன பிறகும் பிள்ளை எழுந்து நிற்க முடியாமல் போவது இதனால்தான்.

வென்டிலேட்டரில் இருந்த 104 பெரியவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2009இல் வெளிவந்தது. தூக்க மருந்தைத் தினமும் நிறுத்திப் பார்க்கும்போதே பயிற்சியும் தொடங்கப்பட்டவர்களில் 59 சதவீதம் பேர், வீடு திரும்பும்போது தங்கள் வேலையைத் தாங்களே செய்தார்கள். மற்றவர்களில் 35 சதவீதம்தான். பிள்ளைகளுக்கும், பாதுகாப்பாக முடியுமானால் சீக்கிரமே அசைவைத் தொடங்கலாம் என்று 2022இல் அமெரிக்கத் தீவிர சிகிச்சை மருத்துவர் சங்கம் வழிகாட்டியது.

அசைப்பது என்றால் உடனே நடக்க வைப்பதல்ல. தொழுகையை நின்று தொழ முடியாதவர் உட்கார்ந்தும், அதுவும் முடியாதவர் படுத்தும் தொழுவது நமக்குத் தெரியும். இதுவும் அப்படிப் படிப்படியானதுதான். மிகவும் முடியாத பிள்ளைக்குப் புரட்டிப் படுக்க வைத்து, கை கால் மூட்டுகளை மெல்ல மடக்கி நீட்டுவார்கள். கொஞ்சம் தேறினால் கட்டில் ஓரத்திலோ அத்தாவின் மடியிலோ உட்கார வைப்பார்கள். பிறகுதான் நிற்பதும் நடப்பதும்.

எந்தப் படி என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். கழுத்து எலும்பில் அடி, மூளையில் அழுத்தம், நிலையில்லாத ரத்த அழுத்தம் இருந்தால் காத்திருக்கச் சொல்வார். நாமாகத் தூக்கக் கூடாது. குழாய் பிடுங்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

ஆனால் கேட்கலாம். "இன்று பிள்ளைக்கு என்ன பயிற்சி? நாங்கள் எதில் உதவலாம்?" என்று காலை ரவுண்ட்ஸில் கேளுங்கள். அம்மாவின் குரல் காதில் விழுந்தால் பல பிள்ளைகள் நன்றாக ஒத்துழைக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பயிற்சியை விட்டுவிடாதீர்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபியும் வீடு தேடி வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். வண்டி வசதி இல்லாதவர்கள் அஸருக்குப் பின் நம் அலுவலகம் வாருங்கள். அந்த நன்னிமாவையும் அடுத்த நாள் அந்தப் பெண்ணிடம் நாமே அழைத்துப் போனோம். இப்போது பேரனின் காலை மடக்கி எண்ணுவது அவர்தான்.