இணையவழிப் படிப்பில் சக மாணவர்களுடன் பேசுவது எப்படி?

வகுப்பறையில் சந்தேகம் வந்தால் பக்கத்தில் இருப்பவரைக் கேட்கலாம். வீட்டில் தனியாக அமர்ந்து இணையத்தில் படிக்கும்போது யாரைக் கேட்பது? மெஷின் லேர்னிங் பாடம் ஒன்றில் சேர்ந்தபோது நானும் இப்படித்தான் திண்டாடினேன். வாட்ஸ்அப் குழுவில் நான் கேட்ட சந்தேகம் ‘குட் மார்னிங்’ படங்களுக்கு இடையில் காணாமல் போனது. அந்த வார அசைன்மென்ட்டைத் தவறவிட்டேன். பிறகு நான் கற்றுக்கொண்டவை இதோ.

1. பாடச் சந்தேகங்களைப் பாடத் தளத்தின் கலந்துரையாடல் பகுதியிலேயே கேளுங்கள். என்.பி.டி.இ.எல். பாடங்களில் இந்த வசதி உண்டு. பிழைச் செய்தியைப் படமாகப் போடாமல், காப்பி செய்து எழுத்தாக ஒட்டுங்கள். அப்போதுதான் அதே பிழை வரும் மற்றவர்கள் தேடும்போது கிடைக்கும். நீங்கள் முயன்று பார்த்ததையும் எழுதுங்கள்.

2. அன்றாடப் பேச்சுக்கு டெலிகிராம் குழு போதும். செட்டிங்ஸில் ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’ சென்று, ‘போன் நம்பர்’ என்பதில் ‘நோபடி’ என்பதைத் தேர்வு செய்யுங்கள். அறிமுகமில்லாதவர்களுக்கு உங்கள் எண் தெரியாது. பெண்கள் இதை அவசியம் செய்யுங்கள்.

3. நான்கைந்து பேர் சேர்ந்து வாரம் ஒருமுறை கூகுள் மீட்டில் சந்தியுங்கள். இலவசக் கணக்கில் 60 நிமிடம் பேசலாம்.

விடையைக் கேட்காதீர்கள், வழியைக் கேளுங்கள். அடுத்த முறை நான் அப்படிக் கேட்டபோது, முன்பின் தெரியாத ஒருவர் என் புரோகிராமில் தவறான வரியைச் சுட்டிக்காட்டினார். பாடத்தை முடித்துவிட்டேன். இப்போது புதியவர்களின் சந்தேகங்களுக்கு நான் பதில் எழுதுகிறேன்.